கடலுக்குப் புறப்பட்ட மைதானம்

சிப்பிக்குடி ஸ்டேடியத்திலிருந்து மைதானம் வெளியேறத் தொடங்கியது பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை. முதல்நாள் ஆட்டத்தில் ஊர் அணி தோற்றிருந்தது, கண்ணாடி அறைகளில் விருந்து மட்டும் நன்றாக நடந்து முடிந்திருந்தது. காலையில் தண்ணீர் விடப்போன தோட்டக்காரர் கிழக்குக் கோல்கம்பம் விளம்பரப் பலகைக்குள் ஒரு முழம் புகுந்து நிற்பதைப் பார்த்தார். கம்பம் சாய்ந்திருக்கவில்லை, பலகையும் கிழியவில்லை. புல்லும் சுண்ணாம்புக் கோடும் கார்னர் கொடியும் எல்லாமே அதே ஒரு முழம் கிழக்கே போயிருந்தன. அவர் குழாயை மூடிவிட்டுத் தொபியாஸ் கடைக்கு டீ குடிக்கப் போனார்.

"மைதானம் கிழக்க நவுந்திருக்கு" என்றார்.

"சீனி போடவா வேண்டாமா?" என்று கேட்டார் தொபியாஸ்.

மீன் சந்தையில் சாளையும் நெத்திலியும் விற்றுக்கொண்டிருந்த கித்தேரியம்மாளுக்குச் சேதி வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவள் தட்டிலிருந்த ஐஸைச் சரிசெய்துகொண்டே, "அதுக்கும் வெறுத்துப்போச்சு போல" என்றாள். பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு அந்த ஸ்டேடியத்தின்மேல் இருந்த கோபம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது கட்டப்படுவதற்கு முன் அந்த இடத்தில் கடலோடிகள் சங்கத்தின் பழைய மைதானம் இருந்தது. மூன்று பக்கம் வேலிகூடக் கிடையாது, நாலாவது பக்கம் கருங்கல் படிகள். கடல்காற்று நேராக வந்து ஆட்டக்காரன் சட்டையைத் தூக்கும். படியில் உட்கார்ந்தவன் கோல் காக்கிற கோலியின் காதில் விழுகிற மாதிரி அவன் மாமனாரைப் பற்றிப் பேசலாம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது, சிப்பிக்குடிக்கு வெளியே யாரும் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சங்கத்துக்குப் பெனால்ட்டி கிடைத்தால் ஊர் மொத்தமும் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். வீட்டில் ரேடியோவில் கேட்பவன்கூட ரேடியோவுக்கு முதுகைக் காட்டுவான். நம்ம கண்ணே நம்ம பந்தில் பட்டுவிடக்கூடாது என்பது கணக்கு. உதைக்கிறவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் உதைப்பான். வலை அதிர்கிற சத்தம் கேட்டால் திரும்பி ஆர்ப்பரிப்பார்கள், கேட்காவிட்டால் திரும்பாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்று மூக்கைச் சிந்திக்கொள்வார்கள்.

பிறகு ரத்னசபாபதி முதலாளி வந்தார். இறால் ஏற்றுமதி செய்கிறவர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, எதைப் பார்த்தாலும் அதை இன்னொன்றாக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கிற மனிதர். சங்கத்தை வாங்கினார். நீலச் சட்டையை ஆரஞ்சாக்கினார். கடலோடிகள் என்ற பெயரை எடுத்துவிட்டு 'கோரல் கிங்ஸ்' என்று வைத்தார். கருங்கல் படிகளைப் பெயர்த்துப்போட்டுவிட்டு, காற்றே நுழையாதபடி உயர்ந்த சுவரும், சுவருக்குமேல் கூரையும், கூரையைத் தாங்கத் தூண்களும், தூண்களுக்கு முன்னால் கண்ணாடி அறைகளும் எழுப்பினார். கண்ணாடி அறைக்காரர்கள் சாப்பாட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் கண்ணாடி அறைக்காரர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவித்த கடலையை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். நாற்காலிக்குக் கைப்பிடி வைத்திருந்ததால் பெனால்ட்டிக்கு எழுந்து திரும்புவதே பெரும்பாடு, திரும்பினாலும் பின்சுவரில் ஒரு பெரிய திரை, அதிலும் அதே பெனால்ட்டி. அந்த வருஷம் ஒரு பெனால்ட்டிகூடக் கோலாகவில்லை. ஊருக்கு அதன் காரணம் தெரியும். முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்.

கித்தேரியம்மாளின் கணவர் இன்னாசி ஒருகாலத்தில் சங்கத்தின் இடது பின்வரிசைக்காரர். விசைப்படகில் கயிறு சுற்றி இழுத்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு பேர் அவரைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து அவர் நடுவரின் வம்சத்தை விசாரிப்பார். புதிய ஸ்டேடியத்தின் வாசலில் கட்டிலுக்கு அனுமதி இல்லை என்றார்கள். சக்கர நாற்காலிக்கென்று ஒதுக்கிய இடத்தில் மரியாதையாகத்தான் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அவருக்கு நேர் எதிரே தூண் இருந்தது. ஆட்டம் முழுவதும் அவர் தூணைப் பார்த்தார்.

"என்ன வே, தூணு நல்லா ஆடிச்சா?" என்று திரும்பி வருகிற வழியில் தொபியாஸ் கேட்டார். வேறொரு நாளாயிருந்தால் இன்னாசி தகுந்த பதில் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலைக் கிழக்குச் சுவரோரமாகப் போடச் சொல்லி, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். அதிலிருந்து அப்படியேதான் கிடந்தார். சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார், வாசல் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. கித்தேரியம்மாளுக்குப் பந்தாட்டத்தில் எந்த அக்கறையும் கிடையாது, பதினோரு பேர் ஒரு பந்துக்கு ஓடுவது அவளுக்கு விளங்கியதே இல்லை. ஆனால் அந்த மனிதர் சுவரைவிட்டுத் திரும்பி ஒரே ஒரு ஆட்டம் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர அவள் மாதாவிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

மைதானம் சித்திரை முடிவதற்குள் ஸ்டேடியத்தின் சுவரைக் கடந்து பஜார் ரோட்டுக்கு வந்துவிட்டது. சுவரில் ஒரு கீறல் இல்லை. தண்ணீருக்குள் குச்சி நுழைகிற மாதிரி கோல்கம்பங்கள் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து வந்தன, தார் ரோட்டில் புல் முளைத்தது, தாண்டிப் போனபின் ரோடு பழையபடி ரோடாகவே கிடந்தது, கொஞ்சம் ஈரமாக. அது நகர்வதை ஒருவரும் பார்த்ததில்லை. நகர்ந்திருந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பூசைக்குப் போய்விட்டு வந்தால், மதியம் கண்ணயர்ந்து எழுந்தால், ஒரு முழமோ இரண்டு முழமோ கிழக்கே போயிருக்கும்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. தொபியாஸின் டீக்கடை கிழக்குக் கோலுக்குள் இருந்த நாட்களில் அவர் வலையில் டீக்கிளாஸ்களைக் காயவைத்தார், பாய்லரில் பந்தடித்தவனுக்கு அன்று டீ இல்லை என்று எழுதிப்போட்டார். மரியரத்தினம் டீச்சர் வீட்டில் பெனால்ட்டிப் புள்ளி கிரைண்டருக்கு முன்னால் வந்து நின்றது. டீச்சர் அதைத் துடைக்காமல் சுற்றி மட்டும் துடைத்தார். நடுக்கோடு கோவிலுக்குள் போன வாரத்தில் ஆண்கள் அந்தப்பக்கமும் பெண்கள் இந்தப்பக்கமும் வழக்கம்போல உட்கார்ந்தார்கள், பங்குச்சாமியார் பிரசங்கத்தில் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆடுகளுக்கு அது நல்ல காலம். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் "சென்டர் சர்க்கிள் எறங்கு" என்று கூவக் கற்றுக்கொண்டார். ஒரு கல்யாணப் பந்தலில் மட்டும், மாப்பிள்ளை வீட்டாரை ஆஃப்சைடில் உட்காரவைத்துவிட்டதாகப் பெரிய சண்டை வந்து, தாலி கட்டியபிறகும் ஓயவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். மைதானம் வீடுகளை ஆக்கிரமித்திருக்கிறதா, வீடுகள் மைதானத்தை ஆக்கிரமித்திருக்கின்றனவா என்று அவருக்குத் தீர்மானமாகவில்லை. அளந்து முடிப்பதற்குள் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், நிமிர்ந்தால் அளவு மாறியிருந்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். முதலாளி புகார் கொடுத்ததன்பேரில் போலீசும் வந்தது.

"யாரு இத இங்க எடுத்துட்டு வந்தது?"

"அதுவா வந்துச்சுய்யா."

"அதுவா வந்தா அதுவா போகுமா?"

"அதான் போயிட்டிருக்குல்லா."

முதலாளி அசரவில்லை. ஸ்டேடியத்தில் காலியான தரையில் பிளாஸ்டிக் புல்லை விரித்தார். "புல் முக்கியமில்லை, அனுபவம்தான் முக்கியம்" என்று மைக்கில் சொன்னார். ஆட்டக்காரர்களின் உள்ளங்கால் வெந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிளாஸ்டிக்கில் ஆடிவிட்டு, ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, அணியின் முன்வரிசைக்காரன் ஸ்டார்வினும் மற்றவர்களும் ஊருக்குள் வந்து சந்து சந்தாக ஆடினார்கள். பந்து ஒரு வீட்டுக் கொல்லையில் நுழைந்து இன்னொரு வீட்டு அடுப்படி வழியாக வெளியே வரும். சுவரும் ஆட்டத்தில் சேர்த்தி, பாத்திரம் சேர்த்தியில்லை என்று விதி வைத்துக்கொண்டார்கள்.

அது எங்கே போகிறது என்பதை முதலில் சொன்னவர்கள் கட்டுமரம் ஓட்டுகிற கிழவர்கள்தான். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே காலம் கழித்தவர்கள், கோல்கம்பத்துக்கு நேராகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இது கடலுக்குப் போவுது மக்கா" என்றார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் ஏதாவது செய்யவேண்டும் என்றார்கள். கம்பத்தில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், கயிறு கட்டின இடத்திலேயே தொங்கியது, கம்பம் அடுத்த நாள் அப்பால் நின்றது. மீதிப்பேர், இந்த முதலாளி கையில் இருப்பதற்குக் கடலில் இருக்கட்டும் என்றார்கள்.

கித்தேரியம்மாள் மட்டும் அது வருகிற பாதையைப் பார்த்தாள். கடலுக்கும் கடைசித் தெருவுக்கும் நடுவில் வலை காயப்போடுகிற வெட்டவெளி. வெட்டவெளியின் கிழக்கு ஓரத்தில், அலைக்கு முன்னால் கடைசியாக, அவளுடைய ஓட்டுவீடு, ஒற்றை அறை, மேற்கே பார்த்த வாசல். மைதானம் கடலுக்குப் போவதானால் அவள் வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.

ஆவணி பிறந்தபோது அது கடைசித் தெருவை விட்டு வெளியே வந்தது. ஒவ்வொரு நாளும் சந்தையிலிருந்து திரும்பும்போது கிழக்குக் கோல் அவள் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை வாசற்படியில் புல் முளைத்திருந்தது.

"இங்க பாருங்க, வந்துட்டு" என்றாள்.

"எது?"

"எதுவா? ஊரு பூரா சுத்திட்டு உங்க மைதானம் வாசல்ல வந்து நிக்கி. செத்த திரும்பித்தான் பாருங்களேன்."

"என் மைதானம் என்ன? அது முதலாளி மைதானம்" என்றார் இன்னாசி, சுவரிடம்.

"முதலாளி மைதானம்னா முதலாளி வீட்டுக்குப் போயிருக்கும். உங்களத் தேடிட்டுல்லா வந்திருக்கு."

"என்னத் தேடியா? கடலுக்குப் போற வழியில இந்த வீடு கெடக்கு. அவ்வளவுதான். நீ கதவச் சாத்து, ஏளா, ஈரக்காத்து."

அவள் கதவைச் சாத்தவில்லை. அன்று மாலை அவளே தொபியாஸ் கடைக்குப் போனாள். மைதானம் ஸ்டேடியத்தைவிட்டு வந்தபிறகு இப்போதுதான் முதன்முறையாக ஒரு வீடும் சுவரும் இல்லாமல் வெட்டவெளியில் முழுதாகக் கிடக்கிறது, இன்னும் இரண்டு மூன்று நாள்தான், பிறகு தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் வைத்தால் என்ன என்று கேட்டாள். பந்தாட்டத்தைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே அதுதான் முதல்தடவை.

"மைனி, ஒங்களுக்கு எத்தன பேரு ஆடுவாவன்னு தெரியுமா?" என்றார் தொபியாஸ்.

"எத்தன பேரு வேணா ஆடட்டும். வாசலுக்கு நேரா ஆடணும்."

பக்கத்து ஊரான கொம்புத்துறைக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர்கள் இரண்டு வேனில் வந்தார்கள். சிப்பிக்குடிப் பையன்கள் பெட்டியின் அடியிலிருந்து நீலச்சட்டைகளை எடுத்தார்கள். சிலருக்கு வயிற்றில் ஏறவில்லை. முழு ஊரும் வந்து கோட்டைச் சுற்றி நின்றது, மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தது, கடலை தின்றது. கண்ணாடி அறைகள் இல்லாததால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது. காற்று வந்து சட்டைகளைத் தூக்கியது. இன்னாசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூச்சல் அவர் முதுகில் மோதியது. அவள் கட்டில் காலருகே நின்று வெளியே ஒருமுறையும் அவரை ஒருமுறையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இடதுபக்கம் நிக்கா?" என்று ஒருமுறை கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? ஒரு நெட்டையன்."

"நெட்டையன் நிக்கக்கூடாது. எதிராளி காலுக்கடியில பந்தக் கொண்டு போயிருவான்" என்றார். சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆளுக்கொரு கோல் என்று இருந்தபோது, முடிவதற்குக் கொஞ்சநேரம் முன்னால், கிழக்குக் கோலுக்கு முன்னால் ஸ்டார்வினைக் கொம்புத்துறைக்காரன் ஒருவன் காலை வாரிவிட்டான். விசில் ஊதியது. சிப்பிக்குடிக்குப் பெனால்ட்டி.

ஊர் மொத்தமும் எழுந்தது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. நடுவர் உள்ளூர்க்காரர், அவரும் விசிலைக் கடித்தபடி திரும்பிக்கொண்டார். விருந்துக்கு வந்த இடத்து வழக்கத்தை மீறக்கூடாது என்று கொம்புத்துறைக்காரர்களும் திரும்பினார்கள். ஸ்டார்வின் கண்ணை மூடிக்கொண்டான். கோலி பந்தைத்தான் பார்த்தான், பந்தைப் பார்க்கிறவன் மைதானத்தைப் பார்ப்பதில்லை. கித்தேரியம்மாளும் அந்த ஊர்க்காரிதானே, அக்கறை இருக்கிறதோ இல்லையோ அவளும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். இத்தனை மாதத்தில், முழு ஊரும் சுற்றி நிற்கையிலேயே ஒருவர் கண்கூடப் படாமல் மைதானம் பட்டப்பகலில் தனியாக நின்றது அப்போதுதான்.

எல்லோருக்கும் காலடியில் மணல் இழுபட்டது. அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியிலிருந்து மண்ணை உருவுகிற மாதிரி, ஆனால் முழு ஊரின் பாதத்துக்கும் சேர்த்து. யாரும் திரும்பவில்லை, பெனால்ட்டி நடக்கிறது.

வீட்டுக்குள் இன்னாசிக்கு அந்த மௌனம் கேட்டது. அது எந்த மௌனம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஐம்பது வருஷத்து உடம்பு. மூளை வேண்டாம் என்று சொல்வதற்குள் கை கட்டில் சட்டத்தைப் பிடித்துவிட்டது, இடுப்பை இழுத்துவிட்டது. எல்லோரும் திரும்புகிறபோது அவரும் திரும்பினார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினால் எங்கே பார்ப்பார்?

திறந்த வாசல் வழியாகக் கிழக்குக் கோல் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெரிய படகைத் தண்ணீரில் தள்ளும்போது வருகிற நிதானத்தில் இரண்டு கம்பங்களும் வாசற்படி ஏறின, வலை நிலைக்கதவுக்குள் நுழைந்தது, பின்னால் புல்லும் கோடும் ஓடிவருகிற ஸ்டார்வினும் மொத்த வெட்டவெளியும் வந்தன. இன்னாசி அதைப் பார்த்தார். பார்க்கப்பட்டதும் அது நின்றது. தெருவில் ஓடுகிற பிள்ளை பெரியவர் கண்ணில் பட்டதும் நிற்பதைப்போல நின்றது. பந்து வந்து அவர் கட்டிலின் கால்மாட்டில் வலையை அதிரவைத்தது.

"கோலு!" என்று இன்னாசி கத்திய பிறகுதான் ஊர் திரும்பியது.

அதிலிருந்து மைதானம் நகரவில்லை. ஊருக்கு விஷயம் பிடிபடக் கொஞ்சநாள் ஆனது, பிடிபட்டதும் அதற்கும் பழகிக்கொண்டது. இன்னாசி வாசல் பக்கம் பார்த்தே படுத்திருந்தார், அவர் கண் மூடும்போது வலை பின்னுகிறவர்களில் யாராவது ஏறிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இருட்டில் துறைமுகத்துக் காவல்காரர் டார்ச்சடித்துப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். கித்தேரியம்மாள் முன்சுவரைப் பார்த்தாள். வாசல் அகலத்துக்குத்தான் அவருக்கு மைதானம் தெரிந்தது, கார்னர் இரண்டும் தெரியவில்லை. கடப்பாரையை எடுத்துவந்து ஒரு பக்கத்திலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.

"வீட்டையா இடிக்கிய?" என்று தொபியாஸ் ஓடிவந்தார்.

"செவருதான. மழைக்கு ஓலை கட்டிக்கிடலாம். அந்த ஓட்டைப் பிடிச்சுக்கிடும், தலையில விழுது."

ஆட்டம் நின்றுபோன ஸ்டேடியத்தில் கருவாடு காய்ந்தது. கூரை இருந்ததால் காக்கை வரவில்லை, அந்த ஒரு விஷயத்தில் ஊர் அதைப் பாராட்டியது. ஐப்பசியில் ஒரு மதியம் முதலாளி தனியாகக் காரில் வந்து இறங்கினார். முன்சுவர் இல்லாத வீட்டையும், வீட்டுக்குள் நிற்கிற கோலையும், கட்டிலில் கிடக்கிற மனிதரையும் பார்த்தார்.

"இதைச் சுத்தி வேலி போட்டு, ஒரு கேட் வச்சு, நல்ல நாற்காலி போட்டா..." என்று தொடங்கினார்.

"போடுங்க முதலாளி" என்றார் இன்னாசி. "அது போயிரும். இப்ப வந்தது வந்தாச்சு, இந்தப் பெட்டியில உக்காருங்க. நான் ரெண்டு வாய் சோறு திங்கேன், அதுவரைக்கும் நீங்க பாருங்க. பாத்தாப் போதும், வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

முதலாளி கவிழ்த்த மீன்பெட்டியில் உட்கார்ந்து வெறும் மைதானத்தைப் பார்த்தார். பழக்கமில்லாதவர், ஆனாலும் முயன்றார். இன்னாசி தட்டில் குனிந்தார், கித்தேரியம்மாள் குழம்பு ஊற்றக் குனிந்தாள். முதலாளியின் போன் அடித்தது. அவர் போனைப் பார்த்தார். வலை ஒரு சாண் நகர்ந்து குழம்புச் சட்டியைக் கவிழ்த்தது.

"முதலாளி!" என்று கத்தினாள் கித்தேரியம்மாள். "ஒரு சோலி சொன்னா ஒழுங்கா செய்யமாட்டியளா? சாளைக் குழம்பு போச்சு!"

அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார். இன்னாசி சாப்பிட்டு முடிக்கும்வரை கண்ணிமைக்காமல் பார்த்தார். போகும்போது, நாளை வந்தால் இந்தப் பெட்டி இருக்குமா என்று கேட்டார். முந்திவந்தவருக்குத்தான் பெட்டி என்றார் இன்னாசி.

கார் போனதும் இன்னாசிக்குக் கண் சொருகியது. வெயில் உச்சியில் இருந்தது, வலைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"கித்தேரி, செத்த பாத்துக்கோ. தூக்கமா வருது."

"தூங்குங்க."

அவள் சந்தைக்குக் கொண்டுபோகவேண்டிய நெத்திலியைப் பெட்டியருகே இழுத்துவைத்துக்கொண்டு, கையைப் பார்க்காமலே தலை கிள்ள ஆரம்பித்தாள். ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. ஒரு நண்டு தெற்குக் கோட்டோரத்தில் மேலே வந்து, பக்கவாட்டில் கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. கட்டிலில் குறட்டை எழுந்தது. நண்டு மைதானத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. கித்தேரியம்மாள் கிள்ளுவதை நிறுத்திவிட்டு, அது வடக்குக் கோட்டைப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.